க்ரீம் மேல க்ரீம் பூசியும் படர்தாமரை போகலையா? ஆய்வகத்தின் 96 குழிகளில் இருக்கிறது பதில்!

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும்வரை சிலர் சற்றுத் தள்ளியே நிற்பார்கள். கடைசி ஆளும் மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு கவுன்டரை நெருங்கி, குரலைத் தாழ்த்தி, “அண்ணே, அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணே” என்பார்கள். எங்கே அரிக்கிறது, எத்தனை நாளாக என்றெல்லாம் கடைக்காரர் கேட்க மாட்டார். கேட்டால் வந்தவருக்குத்தான் சங்கடம். பின்னால் திரும்பி ஒரு ட்யூபை எடுத்து வைப்பார். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடும். சிவப்பும் மங்கும். ‘கைகண்ட மருந்து’ என்ற பெயரோடு அந்த ட்யூப் வீட்டு அலமாரியில் நிரந்தர இடம் பிடிக்கும்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ஒரு வட்டம் இருந்த இடத்தில் வட்டத்துக்குள் வட்டம்!

பெண்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, மார்பகத்துக்குக் கீழே, தொடை இடுக்கு என்று வெளியே சொல்லக் கூச்சப்படும் இடங்களில்தான் அதிகம் வருகிறது. டாக்டரிடம் காட்டுவதைவிட, கணவரையோ மகனையோ கடைக்கு அனுப்பி க்ரீம் வாங்குவது சுலபமாகத் தெரிகிறது. இடுப்பில் தூக்கிவைத்த குழந்தையின் தொடையிலும் அதே வட்டம் வந்த பிறகுதான் பல வீடுகள் விழித்துக்கொள்கின்றன.

படர்தாமரை, படை, வண்டுகடி என ஊருக்கு ஒரு பெயர் உண்டு இதற்கு. உண்மையில் எந்த வண்டும் கடிக்கவில்லை. ‘ரிங்வார்ம்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதுபோல இது புழுவும் இல்லை. தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை இது. தின்று முடித்த இடத்தை விட்டுவிட்டு, புதுத் தீனி தேடி நாலாபக்கமும் வெளியே நகரும். அதனால்தான் நடுப்பகுதி தெளிந்தும் ஓரம் சிவந்தும் வட்டமாகத் தெரிகிறது. பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், ராத்திரித் தூக்கம் போகும். நாலு பேர் நடுவே சொறிய முடியாமல் நெளிய வேண்டியிருக்கும். மாதாமாதம் மருந்துக்கே ஒரு தொகை கரையும்.

ஒரு காலத்தில் இரண்டு, மூன்று வாரச் சிகிச்சையில் போய்விட்ட நோய் இது. இப்போது மாதக்கணக்கில் இழுக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்று, அந்த ட்யூபுக்குள் இருப்பது. இன்னொன்று, பூஞ்சையே மாறிவிட்டது. இரண்டாவது காரணம் கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆய்வகம்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது.

நியூயார்க்கில் ஒரு வட்டம்

2023 மே மாதம், அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி ஒரு சிறிய அறிக்கையை வெளியிட்டது. நியூயார்க் நகரில் இரண்டு பெண்களுக்கு உடம்பெங்கும் படர்தாமரை. ஒருவர் அரிப்பு வந்து டாக்டரிடம் போனபோது கர்ப்பிணி. அண்மையில் வெளிநாடு எதற்கும் போனவர் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு அவருக்கு டெர்பினாஃபின் மாத்திரை கொடுத்தார்கள். படர்தாமரைக்கு உலகம் முழுக்க முதலில் கை போகும் மருந்து அது. இரண்டு வாரம் சாப்பிட்டும் அசையவில்லை. இட்ராகோனசோல் என்ற வேறு மருந்துக்கு மாற்றிய பிறகுதான் குணமானது.

இன்னொருவருக்கு பங்களாதேஷில் இருந்தபோது ஆரம்பித்தது. அங்கே அவர் குடும்பத்தில் பலருக்கும் இதே தொல்லை. அமெரிக்கா திரும்பியதும் க்ரீம் மாற்றி க்ரீம் பூசினார். அதில் ஸ்டீராய்டு கலந்த ஒன்றும் இருந்தது. எதுவும் கேட்கவில்லை. நான்கு வாரம் டெர்பினாஃபின் சாப்பிட்டும் பலன் இல்லை. கடைசியில் கிரிசியோஃபுல்வின் என்ற பழைய மருந்துதான் கொஞ்சம் கைகொடுத்தது.

இருவருடைய தோலிலிருந்து எடுத்து வளர்த்த பூஞ்சையையும் ஆய்வகம் முதலில் வழக்கமான ஒன்று என்றே சொன்னது. மரபணு வரிசையைப் படித்த பிறகுதான் உண்மையான பெயர் தெரிந்தது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. இந்தியா என்பதையும், படர்தாமரைக்கான லத்தீன் சொல்லான டினியாவையும் சேர்த்து வைத்த பெயர். ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த ஓர் இந்தியர், ஒரு நேபாளி ஆகிய இருவரிடமிருந்து பிரித்தெடுத்து, 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சூட்டியது. ஒரு நோய்க்கிருமிக்கு நாட்டின் பெயரை வைக்கலாமா என்ற விவாதமும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால், அந்தப் பூஞ்சை இந்தியத் தோல் மருத்துவர்களுக்கு அதற்கு முன்பே நன்கு பரிச்சயம். 2010-க்குப் பிறகான ஆண்டுகளில் ‘மருந்து கேட்காத படர்தாமரை’ என்று அவர்கள் புலம்பிக்கொண்டிருந்தது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

2018-ல் டெல்லியில் உள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு, நோயாளிகளிடமிருந்து எடுத்த இந்த வகைப் பூஞ்சைகளைச் சோதித்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படவில்லை. அதே ஆண்டு சண்டிகரின் பி.ஜி.ஐ மருத்துவமனை ஆய்வாளர்களும் மருந்துக்கு அடங்காத பூஞ்சைகளைப் பட்டியலிட்டார்கள். இரண்டு இடங்களிலும் குற்றவாளி ஒரே மரபணுதான்.

ஒரே ஒரு எழுத்துப்பிழை

பாக்டீரியாவுக்கு எதிராக எத்தனையோ ஆன்டிபயாடிக் இருக்க, பூஞ்சைக்கு மட்டும் ஏன் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு மருந்துகள்? பரிணாமக் குடும்ப மரத்தில் பூஞ்சைகள் செடிகொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருக்கம். நமக்குச் சித்தப்பா, பெரியப்பா வகையறா என்று வைத்துக்கொள்ளலாம். அதன் செல் கிட்டத்தட்ட நம் செல் மாதிரி. அதைக் கொல்ல எதை எடுத்தாலும் நம்மையும் கொஞ்சம் பதம் பார்க்கும். எனவே நம்மிடம் இல்லாத, அதனிடம் மட்டும் இருக்கும் ஒன்றைக் குறிவைக்க வேண்டும். அப்படிக் கிடைத்த பெரிய இலக்கு எர்கோஸ்டெரால். நம் செல்லின் சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் எப்படியோ, பூஞ்சையின் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் அப்படி.

இந்த எர்கோஸ்டெரால் பல படிகளில் தயாராகிறது. ஆரம்பப் படியில் ஸ்குவாலீன் எபாக்ஸிடேஸ் என்ற நொதி வேலை செய்யும். டெர்பினாஃபின் போய் அந்த நொதியின் பொந்தில் சாவி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உற்பத்தி நின்றுவிடும். போதாக்குறைக்கு, பயன்படாமல் தேங்கும் ஸ்குவாலீனும் பூஞ்சைக்கு நஞ்சாகும். சுவர் கட்டச் செங்கல் வரவில்லை. வந்த மண்ணும் வீட்டுக்குள்ளேயே குவிகிறது என்கிற நிலை.

நொதி என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த மாலை. அந்த வரிசையில் 397-வது இடத்தில் இருக்க வேண்டிய பினைல்அலனினுக்குப் பதிலாக லூசின் வந்துவிட்டால், பொந்தின் வடிவம் லேசாக மாறிவிடும். சாவி உட்காராது. 393-வது இடத்தில் நேரெதிர்: லூசின் இருக்க வேண்டிய இடத்தில் பினைல்அலனின் வந்தாலும் மருந்து தோற்கும். நூற்றுக்கணக்கான மணிகள் கோத்த மாலையில் ஒரே ஒரு மணி மாறியதற்கே இத்தனை பாடு. நொதி மட்டும் தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. அதனால் பூஞ்சைக்குப் பெரிய நஷ்டமும் இல்லை.

சுரண்டல் முதல் குழித்தட்டு வரை

தோலில் இருக்கும் பூஞ்சைக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ரத்தம் எடுத்தால் தெரியாது. ஸ்கேனும் உதவாது. முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும்.

வட்டத்தின் ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, மழுங்கிய பிளேடால் மெல்லச் சுரண்டுவார்கள். வலிக்காது. நடுவில் சுரண்டிப் பயனில்லை. பூஞ்சை மும்முரமாக இருப்பது ஓரத்தில்தான். உதிரும் வெள்ளைச் செதில்களைக் காகிதத்தில் மடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கண்ணாடித் தகட்டில் செதிலை வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விடுவார்கள். சில நிமிடங்களில் தோல் செல்கள் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கரையாமல் நிற்பது பூஞ்சை இழைகள்தான். மைக்ரோஸ்கோப்பில் கிளை பிரிந்த நூல் போலத் தெரியும். ‘கே.ஓ.ஹெச் டெஸ்ட்’ என்பது இதுதான். செலவு குறைவு. முடிவு அன்றைக்கே தெரியும். பூஞ்சை உண்டா, இல்லையா என்று மட்டும் சொல்லும். அது யார், எந்த மருந்துக்குப் பயப்படுவார் என்று சொல்லாது.

அதற்குக் கல்ச்சர் வேண்டும். மீதிச் செதில்களை, பிரெஞ்சுத் தோல் மருத்துவர் சபூரோவின் பெயரால் வழங்கும் சர்க்கரை, பெப்டோன் கலந்த அகார் ஊடகத்தில் தூவி வைப்பார்கள். தோலில் இருக்கும் பாக்டீரியாவும், காற்றில் மிதக்கும் வேறு பூசணங்களும் முந்திக்கொண்டு வளர்ந்துவிடாதபடி அதில் இரண்டு தடுப்பு மருந்துகளைக் கலந்திருப்பார்கள். பிறகு காத்திருப்பு. பழைய சோறு ஒரே ராத்திரியில் புளிக்கும். இந்தப் பூஞ்சைக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது. இரண்டு வாரம், சில சமயம் நான்கு வாரம்கூட ஆகும். மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்த பூஞ்சை, அகாரில் முளைக்காமலே போவதும் அடிக்கடி நடக்கும். நோயாளி ஏற்கெனவே ஏதாவது க்ரீம் பூசிக்கொண்டு வந்திருந்தால் அதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம்.

வெள்ளைப் பொடி தூவியதுபோல வளர்ந்த பிறகுதான் மருந்துச் சோதனை ஆரம்பம். இதற்கான பிளாஸ்டிக் தட்டு பார்ப்பதற்குப் பொம்மைக் குழிப்பணியாரச் சட்டி போல இருக்கும். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என 96 குழிகள். உள்ளே ஊற்றும் திரவத்தின் பெயர் ஆர்.பி.எம்.ஐ. உண்மையில் அது மனித ரத்த செல்களை வளர்ப்பதற்காக அமெரிக்காவின் ரோஸ்வெல் பார்க் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. பூஞ்சைக்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் குழியில் மருந்து நிறைய இருக்கும். அடுத்ததில் அதில் பாதி. அதற்கடுத்ததில் அதிலும் பாதி. கெட்டி மோரில் பாதியை எடுத்து அடுத்த டம்ளரில் ஊற்றி, அதே அளவு தண்ணீர் சேர்த்து, அதிலிருந்து பாதியை அடுத்த டம்ளருக்கு மாற்றிக்கொண்டே போனால் பத்தாவது டம்ளரில் எவ்வளவு மோர் இருக்கும்? அதே கணக்குதான். கடைசி இரண்டு குழிகளில் மருந்தே இருக்காது. ஒன்றில் பூஞ்சை மட்டும் இருக்கும். அது நன்றாக வளர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே செல்லாது. இன்னொன்றில் பூஞ்சையும் இருக்காது. அது தெளிவாகவே இருந்தாக வேண்டும். கலங்கினால் எங்கோ அசுத்தம் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லாக் குழிகளிலும் ஒரே எண்ணிக்கையில் பூஞ்சை வித்துகளைப் போட வேண்டும் என்பதுதான் இதில் பெரிய வித்தை. அதிகம் போட்டால் நல்ல மருந்தும் தோற்றதுபோலத் தெரியும். குறைத்துப் போட்டால் உதவாத மருந்தும் ஜெயித்ததுபோலத் தெரியும். சில பூஞ்சைகள் வித்தே விடாமல் அடம்பிடிக்கும். அவற்றுக்கு ஓட்ஸ் கலந்த அகார் வைத்துத் தாஜா செய்ய வேண்டும். கிருமியியல் ஆய்வகத்தில் ஓட்ஸுக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது!

அமெரிக்க வழிமுறையில் 35 டிகிரியில் நான்கு நாள். ஐரோப்பிய வழிமுறையில் வெப்பம் குறைவு, நாள் கூடுதல். அது முடிந்ததும் எந்தக் குழிவரை தெளிவாக இருக்கிறது, எங்கே கலங்க ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார்கள். வளர்ச்சியை அடக்கிய மிகக் குறைந்த மருந்தளவுதான் எம்.ஐ.சி. சாதுவான பூஞ்சை, ஒரு மில்லிக்கு 0.03 மைக்ரோகிராம் டெர்பினாஃபினிலேயே அடங்கிவிடும். டெல்லி ஆய்வில் சிக்கிய முரட்டுப் பூஞ்சைகளில் சில 32 மைக்ரோகிராமிலும் வளர்ந்தன. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அந்த நோயாளிக்கு ஒரு மாத்திரைக்கு இரண்டு மாத்திரையாகக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று இனி யார் நம்ப முடியும்?

எண் வந்தாச்சு, அப்புறம்?

இங்கேதான் ஒரு சிக்கல். ஐ.சி.யூ நோயாளியின் ரத்தத்தில் கேண்டிடா வகை ஈஸ்ட் பூஞ்சை வந்தால், மருந்துச் சோதனை ஓரிரு நாளில் முடிந்துவிடும். இந்த எண்ணுக்குக் கீழே என்றால் மருந்து கேட்கும், மேலே என்றால் கேட்காது என்று கோடு போட்ட அட்டவணையும் முக்கிய மருந்துகளுக்கு உண்டு. படர்தாமரைப் பூஞ்சைக்கு அமெரிக்க வழிமுறையில் அப்படி ஒரு கோடு இல்லை. ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட், 2020 வாக்கில்தான் இந்தப் பூஞ்சைகளுக்கென்று தனி வழிமுறையையே வெளியிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆளைக் கொல்லாத நோய் என்பதால் வரிசையில் பின்னால் நிற்கிறது. கோடிக்கணக்கானவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

எம்.ஐ.சி எண் ஜாதகமும் இல்லை. தட்டில் அடங்கிய பூஞ்சை தோலில் அடங்காமல் போகலாம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கலாம். வீட்டில் இன்னொருவரிடமிருந்து திரும்ப ஒட்டியிருக்கலாம். ஸ்டீராய்டு உள்ளே இருந்து அதற்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கலாம். கல்ச்சருக்கு ஒரு மாதம், சோதனைக்கு இன்னும் சில நாள் என்று போனால், முடிவு வருவதற்குள் நோயாளி நான்கு ட்யூபைக் காலி செய்திருப்பார்.

அதனால்தான் குறுக்குவழிகளைத் தேடுகிறார்கள். அகாரிலேயே மில்லிக்கு 0.2 மைக்ரோகிராம் டெர்பினாஃபினைக் கலந்து வைத்து, அதில் பூஞ்சையை நட்டுப் பார்ப்பது ஒன்று. முளைத்தால் சந்தேகத்துக்குரியது, முளைக்காவிட்டால் சாது. 96 குழியும் வேண்டாம், வித்து எண்ணவும் வேண்டாம்; சாதாரண ஆய்வகத்திலும் செய்யலாம். செதிலிலிருந்தே நேரடியாக மரபணுவை எடுத்து 393, 397 இடங்களைப் பார்க்கும் பி.சி.ஆர் இன்னொன்று. கொரோனாவுக்குப் பிறகு பி.சி.ஆர் கருவி இல்லாத நகரம் குறைவு. படர்தாமரைக்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்று தோன்ற வேண்டுமே!

அந்த ட்யூபுக்குள் என்னதான் இருக்கிறது?

கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் பல க்ரீம்கள் கூட்டுக்கலவைகள். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு. இரண்டாம் நாளே அரிப்பை அடக்குவது அந்த ஸ்டீராய்டுதான். அரிப்பும் சிவப்பும் பூஞ்சை செய்வதல்ல. பூஞ்சையை விரட்ட நம் உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவைக்கிறது. காவல் இல்லாத தோட்டத்தில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வட்டத்துக்குள் வட்டம் வருவது இப்படித்தான். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். தொடை இடுக்கில் பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அவை திரும்பப் போகாது.

ஸ்டீராய்டு பூஞ்சையின் மரபணுவை மாற்றுவதில்லை. ஆனால், மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சை தோன்றிவிட்டால் அது செழித்து, பக்கத்துத் தோலுக்குத் தாவ வசதி செய்து தருகிறது. அரைகுறையாகப் பூசிய பூஞ்சை மருந்து, சாதுவானவற்றைக் கொன்று முரட்டுப் பூஞ்சைக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. இரண்டும் ஒரே ட்யூபில் இருக்கிறது என்பதுதான் கொடுமை.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு தனிக்குழு அமைத்துப் பல ஆண்டுகள் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு, தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளில் இப்படிப்பட்ட க்ரீம்களும் இருந்தன. சட்டம் இருக்கிறது. “அண்ணே, ஒரு க்ரீம்” என்றால் ட்யூபும் வருகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒருவருக்கு வந்திருந்தால் வீட்டில் எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார், மருமகள், குழந்தை, யாரையும் விட வேண்டாம். ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை. துண்டு, பாவாடை, உள்ளாடை தனித்தனியாக இருக்கட்டும். துவைத்ததை வெயிலில், உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போடுங்கள். ஈரம் போகாத ஜீன்ஸையும் லெக்கிங்ஸையும் அவசரத்துக்கு மாட்டிக்கொள்வது மழைக்காலத்தில் பூஞ்சைக்கு விருந்து. சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இவ்வளவு முற்றிய படைக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

சரியான மருந்தை, சொன்ன நாள்வரை சாப்பிட்டும் போகவில்லை என்றால், “ஸ்க்ரேப்பிங் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பலாமா, டாக்டர்?” என்று கேட்கலாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால், இட்ராகோனசோல் எல்லோருக்கும் ஒத்துவராது. இதய பலவீனம் உள்ளவர்கள், வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சுரண்டி எடுப்பதற்கு எத்தனை நாள் முன்பிருந்து க்ரீம் பூசக் கூடாது என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது இதுவரை பூசிய ட்யூப்களையும் அட்டைப்பெட்டிகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பாதி தீர்ந்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாவற்றையும்தான். எதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்பதை டாக்டர் அவற்றின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தே சொல்லிவிடுவார்.